வாழைக்குத் தண்ணீர் விடுகிற நேரம்

நீர்வேலியில் சண்முகநாதனின் கார் செத்துப்போய்விட்டது என்பது ஊரறிந்த விசயம். ஊரை அப்படி அறியவைக்க அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "எஞ்சின் இறுகிப் போச்சு, இனி பழைய இரும்புக்குத்தான் குடுக்கவேணும்" என்று சொல்லித் திரிந்தான். கொட்டிலுக்குள் நின்ற காரின் மேல் காய்ந்த தென்னோலையை அடுக்கினான். அவன் மனைவி குணலட்சுமி பின்சீற்றில் ஒரு கோழியை அடைவைத்துவிட்டாள். ஓடுகிற காருக்குள் எந்தப் பைத்தியக்காரன் கோழியை அடைவைப்பான்?

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுச் சித்திரை மாதம். போர்க்காலத் தடையால் பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்று இரண்டு வருடம் ஆகப்போகிறது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அதையும் கிளப்புவதற்கு ஊசிக்குழாயால் நாலு துளி பெற்றோல் காட்டவேண்டும். அப்படி ஓடின கார்களும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. இயக்கத்துப் போராளிப் பெடியள் வருவார்கள். மரியாதையாகக் கேட்பார்கள். "ஒரு அலுவல் இருக்கு, முடிஞ்சோடனை தாறம்" என்பார்கள். சண்முகநாதன் வீட்டு ஒழுங்கைத் தெருவில் மட்டும் மூன்று வாகனம் அப்படிப் போனது. அலுவல் இன்னும் முடிந்தபாடில்லை.

போனால் போகட்டும் என்று சண்முகநாதனும் விட்டிருப்பான். தபால் கந்தோர் வேலைக்கு அவன் சைக்கிளில்தான் போய்வருகிறான். ஆனால் குணலட்சுமிக்கு இது எட்டாம் மாதம். பதினொரு வருடத்தில் இரண்டு பிள்ளை தங்காமல் போனபின் வந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றார் டாக்குத்தர் அம்மா. "கடைசி ரெண்டு கிழமையும் இஞ்சை வந்து படுக்கட்டும். அதுக்கு முந்தி இடுப்பு நோ வந்திட்டா ஒரு நிமிசமும் மினக்கெடாமல் கொண்டு வாங்கோ. வெட்டித்தான் எடுக்கவேணும். பிந்தினா ரெண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்லை." நீர்வேலியிலிருந்து பெரியாஸ்பத்திரி ஆறு மைல். சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டுபோகக்கூடிய நிலைமையிலா அவள் இருந்தாள்?

ஆகவே கார் ஓடவேண்டும். ஓடுகிறது என்று ஒருவருக்கும் தெரியவும் கூடாது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பொழுதுபடுவதற்குள் சந்திவரைக்கும் செய்தி போய்விடும். முத்திரை குத்தி மட்டுமே பழகிய கையில், நாற்பத்திரண்டு வயதில், சண்முகநாதன் ஸ்பானரைத் தூக்கியது இப்படித்தான்.

கனடாவுக்குப் போன ஒருவரிடம் வாங்கிய ஏ-போட்டி என்ற பழைய இங்கிலீசுக் கார் அது. "எஞ்சின் புதுசு மாதிரி" என்றுதான் அவர் விற்றார். அவர் கொழும்பைத் தாண்டுமுன்னே அது இருமத் தொடங்கியிருந்தது. இப்போது அதற்கு வந்த நோய் வேறு. கிளம்பும், ஐந்து நிமிடம் ஒழுங்காக ஓடும், பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் படுத்துவிடும். சண்முகநாதன் காபரேற்றரைக் கழற்றிப் பழைய சேலைத் துண்டில் பரப்பி வைத்துக் கழுவினான். கிழிந்துபோன பாக்கிங்குக்குப் பதிலாக மச்சாளின் கலியாண அழைப்புக் காட்டை அளவாக வெட்டி வைத்தான். நல்ல தடித்த காட். மண்ணெண்ணெய்ப் புகையில் கரிபிடித்த பிளக்குகளை அரத்தாளால் தேய்த்தான். ஐந்து நிமிடம் ஆறு நிமிடம் ஆனதே தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை.

பற்றரியும் கிழடு. ஸ்ராட்டரைச் சுழற்ற அதற்குச் சத்தில்லை. முன்னால் கம்பியைப் போட்டுக் கையால்தான் சுழற்றவேண்டும். நாளுக்கொருதரம் எஞ்சினை ஓடவிட்டால்தான் அது நெருப்புப் பொறிக்காவது உதவும். ஓடவிட்டால் சத்தம் வரும். காருக்கு ஓலை போட்டு மூடலாம், சத்தத்துக்கு எதைப் போட்டு மூடுவது?

அதற்கு ஒரு வழி இருந்தது, அது அவனுக்குப் பிடிக்காத வழி. வேலிக்கு அந்தப் பக்கம் தம்பிஐயாவின் வாழைத்தோட்டம். தம்பிஐயா காலையில் தண்ணீர் இறைக்கிற மெசினைக் கிளப்பினால் பக்கத்தில் நிற்பவர் கதைப்பதும் கேட்காது. அந்த இரைச்சலுக்குள் சண்முகநாதன் தன் காரையும் கிளப்பிவிடுவான். மெசின் நிற்குமுன் நிறுத்தியும் விடவேண்டும்.

எப்போது தண்ணீர் விடுவீர்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ள முடியாது. எல்லை வேலியில் ஒரு முழ நிலத்துக்காக இரண்டு வீட்டு ஆம்பிளைகளும் பேச்சை விட்டு இரண்டு வருடம். கார் ஓடுகிறது என்று தெரிந்தால் முதலில் போய்ச் சொல்லக்கூடியவர் தம்பிஐயாதான் என்பதில் சண்முகநாதனுக்குச் சந்தேகமே இல்லை. அதனால் விடிந்ததும் கொட்டிலுக்குள் போய், கம்பியைக் கையில் பிடித்தபடி, வேலிப்பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு குந்தியிருப்பான். சொந்தக் காணியில் கள்ளனைப்போல ஒளித்திருக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் இருந்தான்.

முன்னெல்லாம் கிழமையில் இரண்டு தரம் ஓடின மெசின், பங்குனி தொடங்கி ஒவ்வொரு நாளும் ஓடியது.

"மண்ணெண்ணெய் விக்கிற விலையிலை வாழைக்கு இவ்வளவு தண்ணியோ? ஆசை பிடிச்ச மனுசன்" என்றான் சண்முகநாதன்.

"உங்களுக்கு உதவிதானே. பேசாமல் இருங்கோ" என்றாள் குணலட்சுமி.

வேலை முடிந்ததும் எஞ்சினிலிருந்து ரோட்டரைக் கழற்றிவிடுவான். பெருவிரல் அளவான கறுப்புச் சாமான். அது இல்லாவிட்டால் கம்பியை ஆட்டுக்கல்லுக் குழவிபோலச் சுழற்றினாலும் எஞ்சின் கிளம்பாது. குணலட்சுமி அதைப் புட்டு மா வைத்திருந்த தகரத்துக்குள் புதைத்துவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் அவனுக்குக் காரின் நோய் பிடிபட்டது. எஞ்சின் படுத்த கையோடு, பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற கொயிலைத் தொட்டவன் கையை உதறிக்கொண்டு துள்ளினான். நெருப்பாகக் கொதித்தது. இதுதான் சூடேறிப் பொறியை நிறுத்துகிறது! ஒரு சாக்குத் துண்டை நனைத்துக் கொயிலைச் சுற்றிக் கட்டினான். மறுபடி கிளப்பினான். ஐந்து நிமிடம். பத்து. சாக்குக் காயக் காயத் தண்ணீர் ஊற்றினான். இருபது நிமிடம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இது போதும்! சண்முகநாதனுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கக் காருக்கு அடியில் படுத்தவன், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தான்.

யாரோ காரின் பொனெற் மூடியில் ஓங்கி அடித்தார்கள். வெளியே தலையை நீட்டினான். குணலட்சுமி வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள்.

"நிப்பாட்டுங்கோ! மெசின் நிண்டு எவ்வளவு நேரம்!"

நிறுத்தினான். ஊர் முழுக்க அமைதி. தம்பிஐயாவின் மெசினில் எண்ணெய் முடிந்துவிட்டது போலிருந்தது. இவ்வளவு நேரமும் இவனுடைய கார் மட்டும் தனியாகக் கச்சேரி நடத்தியிருக்கிறது.

மறுநாள் எட்டு மணிக்கு ஒழுங்கையில் ஒரு லாண்ட்மாஸ்டர் வந்து நின்றது. கை உழவு மெசின், பின்னால் பெட்டி பூட்டியிருந்தது. இரண்டு பெடியள் இறங்கி வந்தார்கள். மூத்தவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்.

"அண்ணை, உங்கடை கார் ஓடுதாம்."

"ஆர் தம்பி சொன்னது? அது செத்து எத்தினை நாள்."

"நேற்றுச் சத்தம் கேட்டிருக்கு. ஓடாத காரைக் கட்டியிழுத்து எங்களுக்கு என்ன பிரயோசனம்? ஒருக்கால் கிளப்பிக் காட்டுங்கோ. ஓடாட்டில் போறம்."

ஓலையை விலக்கினார்கள். பின்சீற்றுக் கோழி சீறியது. சின்னவன் சிரித்துவிட்டான், மூத்தவன் சிரிக்கவில்லை. சண்முகநாதன் நாலு துளி பெற்றோல் விட்டுக் கம்பியைப் போட்டுச் சுழற்றினான். ரோட்டர் தகரத்துக்குள் பத்திரமாக இருந்தது. ஆறு தரம், ஏழு தரம் சுழற்றினான். நிமிர்ந்து வியர்வையைத் துடைத்தபோதுதான் சமையல் குசினி வாசலைக் கண்டான்.

குணலட்சுமி கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழுதட்டைப் பல்லால் கடித்திருந்தாள். அவளுடைய காலடியில் மண் நனைந்திருந்தது. கண்ணால் அவனுக்கு ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள்: சொல்லிப்போடாதையுங்கோ.

சொன்னால் இந்தப் பெடியள் இரங்கலாம். ஆனால் ஏழு தரம் சுழற்றியும் கிளம்பாத காரை இப்போது எந்த வாயால் ஓடும் என்பது? ஓடும் என்று காட்டினால் பொய்யனென்று பிடித்துக்கொண்டு காரையும் கொண்டுபோனால்? சொல்லாவிட்டால் இவர்கள் போகும்வரைக்கும் அவள் தாங்குவாளா? ஊரைச் சுற்றிக் கட்டிய பொய்க்குள் வெளியே வர ஒரு வழியும் அவன் வைத்திருக்கவில்லை. எட்டாம் தரம் சுழற்றினான். வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது.

"இன்னும் சுத்துங்கோ அண்ணை" என்றான் மூத்தவன்.

அப்போது வேலிக்கு மேலால் தம்பிஐயாவின் தலை தெரிந்தது. சண்முகநாதனுக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது.

"என்ன தம்பியவை, செத்த பிணத்தை எழுப்பப் பாக்கிறியளோ?" என்றார் தம்பிஐயா. "நேற்று நீங்கள் கேட்டது என்ரை தண்ணி மெசின். சைலன்சரைத் திருத்தினனான். இப்ப கார் மாதிரித்தான் சத்தம் போடுது."

மூத்தவன் அவரை நிமிர்ந்து பார்த்தான். "அப்பிடி நல்லா ஓடுதோ, ஐயா?"

அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று தம்பிஐயாவுக்குத் தெரிந்தது. சண்முகநாதனுக்கும் தெரிந்தது.

"ஓம்" என்றார் தம்பிஐயா. "நல்லா ஓடுது."

"எங்களுக்கு மெசின் ஒண்டு தேவையாக் கிடக்கு. ஒரு கிழமையிலை தாறம்."

"வாங்கோ, நானே கழட்டித் தாறன்."

அவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். சண்முகநாதன் குசினிக்கு ஓடினான். குணலட்சுமி அப்போதுதான் வாயைத் திறந்து முனகினாள். மாத்தகரத்தைக் கவிழ்த்து ரோட்டரை எடுத்து ஊதிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினான். அந்த நேரம் ஒழுங்கையில் லாண்ட்மாஸ்டர் தடதடவென்று கிளம்பியது. அவனுடைய கை நின்றது. ஒழுங்கை ஒரு வண்டில் அகலம். கால் மைலுக்கு அந்த லாண்ட்மாஸ்டர் நடைவேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கும். வாசல் படலையால் காரை வெளியே எடுத்தால் அவர்களுடைய முதுகில்தான் போய் முட்டவேண்டும். வேறு வழியில்லை. வேறு வழியே இல்லை.

வேலியில் கத்தி விழுகிற சத்தம் கேட்டது.

தம்பிஐயா வேலிக் கதியால் தடிகளைத் தறித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக ஒரு முழத்துக்கு விட்டுக்கொடுக்காத அதே வேலியை. "என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அவங்கடை மெசின் இரையுற நேரம்தான் உனக்கு நேரம். கிளப்பு! தோட்டத்தாலை விடு, பின்பக்கம் ரோட்டு."

"அண்ணை, வாழை..."

"வாழையோ? வந்து பார் என்ரை வாழையை! ஒவ்வொரு நாளும் தண்ணி குடிச்சுக் கிழங்கெல்லாம் அழுகிப் போச்சு. வாழைக்கு எவ்வளவு தண்ணி வேணுமெண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

சண்முகநாதன் கம்பியும் கையுமாக நின்றுவிட்டான். தம்பிஐயாவின் மனைவி இரத்தினம்மா அதற்குள் குணலட்சுமியை அணைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கோழியைக் கழுத்தில் பிடித்து வெளியே எறிந்தார். பொம்பிளைகள் இரண்டு பேரும் கதைப்பதை ஒருநாளும் விடவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

இரண்டாவது சுழற்றில் கார் கிளம்பியது. முன்னால் தம்பிஐயா வாழைகளைத் தறித்து விழுத்திக்கொண்டு ஓட, பின்னால் கார் தண்டுகளின் மேல் ஏறி இறங்கி ரோட்டுக்கு வந்தது. பிறகு அவரும் ஒரு வாளித் தண்ணீரோடு முன்சீற்றில் ஏறிக்கொண்டார். கோப்பாயில் ஒருதரம், இருபாலையில் ஒருதரம் நிறுத்திக் கொயிலை நனைத்தார்கள். இரண்டு ஆம்பிளைகளும் அந்த ஆறு மைலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெண்பிள்ளை. நாலு இறாத்தல்தான், ஆனாலும் தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். கார் தப்பவில்லை. ஓடி வந்ததை ஊரே பார்த்ததே! மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே இயக்கப் பெடியள் காரைக் கேட்டார்கள். சண்முகநாதன் வழக்கப்படி கழற்றிப் பொக்கற்றில் வைத்திருந்த ரோட்டரைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டான். கவலையாகத்தான் இருந்தது, ஆனால் இத்தனை மாதத்தில் முதல்தடவையாக மூச்சை முழுதாக விட்டான்.

பதினைந்தாம் நாள் பிள்ளையோடு வீட்டுக்கு வந்தபோது வேலியைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். தம்பிஐயா பழைய இடத்திலேயேதான் கட்டியிருந்தார், அரை விரல்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு ஆள் போய்வர இடைவெளி விட்டிருந்தார். தண்ணீர் மெசின் வரவில்லை. மிஞ்சிய வாழைகளுக்கு மனுசன் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு நின்றார். மறுநாள் விடிய சண்முகநாதன் தன் வாளியை எடுத்துக்கொண்டு அந்த இடைவெளியால் போனான். பிறகு ஒவ்வொரு நாளும் போனான்.

பிள்ளைக்கு உடம்புதான் சின்னது, குரல் பெரியது. அவள் அழத்தொடங்கினால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். மெசினும் இல்லை, காரும் இல்லை, அந்தச் சத்தத்தை மூட ஊரில் வேறு சத்தமே இல்லை. முதல் சில நாள், அவள் வீரிட்டபோதெல்லாம் சண்முகநாதனின் கண் பயத்தோடு படலைப் பக்கம் போனது. குணலட்சுமியும் பழக்கத்தில் பிள்ளையின் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனாள்.

கிணற்றடியிலிருந்து தம்பிஐயா அவளைப் பார்த்துக் கத்தினார்: "அழட்டும் விடு, பிள்ளை! அது ஒளிக்கிற சாமானில்லை."