சீக்கிரத்தில் கெடாத வேப்

உதயசூரியன் லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் அது எப்படி வேலை செய்யும் என்று கேட்க மாட்டான். எது முதலில் கெடும் என்றுதான் கேட்பான். பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் செல்போன் உறையும் சார்ஜரும் வேப் என்கிற மின்சார சிகரெட்டும் விற்கிற பாசிலின் கடையில் நின்றுகொண்டு அன்றைக்கும் அதையேதான் கேட்டான்.

“கெடாதுண்ணே. நல்ல அயிட்டம்,” என்றான் பாசில்.

“கெடாத சாமான் எங்கயும் கெடையாது. மொதல்ல எது போகும், அதச் சொல்லு.”

பாசிலுக்குச் சலிப்பாக இருந்தது. வேப் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் என்ன நிறம், மாம்பழமா புதினாவா என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள். இந்த ஆள் முக்கால் மணி நேரமாகக் கண்ணாடிப் பெட்டியில் இருந்ததையெல்லாம் வெளியே எடுக்க வைத்து, ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டிப் பார்த்து, மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தான். பெண் பார்க்கப் போனபோதுகூட இவன் இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

இவ்வளவு யோசனைக்குக் காரணம் உண்டு. உதயசூரியன் இரண்டு தடவை சிகரெட்டை விட்டவன். இரண்டு தடவையும் ஒரே ஒரு சிகரெட்டில் கவிழ்ந்தவன். முதல் தடவை கூட வேலை பார்த்தவனின் கல்யாணத்தில், “ஒண்ணுதானே” என்று நீட்டினார்கள். மறுவாரம் பழையபடி பாக்கெட் வாங்க ஆரம்பித்துவிட்டான். இரண்டாம் தடவை யாரும் நீட்டக்கூட இல்லை, அவனே போய் வாங்கினான். மழைக்காலத்தில் நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த பிறகு விட்டது மூன்றாம் தடவை. இந்தத் தடவையும் கவிழ்ந்தால் நான்காம் தடவை என்று ஒன்று இருக்காது என்று அவனுக்கே தெரியும். டாக்டர் சொன்னதால் தெரிந்ததல்ல, தன்னைப் பற்றித் தெரிந்ததால் தெரிந்தது.

சிகரெட்டுக்குப் பதிலாகக் கையில் எடுத்தது யூஸ் அண்ட் த்ரோ வேப். அதில் ஒரு கோளாறு. உள்ளே புகையாகிற ஜூஸ் பாதி இருக்கும்போதே பேட்டரி செத்துப்போகும், மறுபடி சார்ஜ் போட வழியில்லை. போன வாரம் ஒரு கட்டடத்தில் கரண்ட் போய் லிஃப்டுக்குள் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள். மொட்டைமாடி மோட்டார் அறையில் நின்று சக்கரத்தைக் கையால் சுற்றி அவர்களை இறக்கிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வேப்பை வாயில் வைத்தான். செத்திருந்தது. கீழே வந்தபோது வாட்ச்மேன் ஒரு சிகரெட்டை நீட்டினான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக் காதில் செருகிக்கொண்டு, சாயங்காலம் வரை அதோடு அலைந்து, வீட்டுக்குப் போகிற வழியில் சாக்கடையில் போட்டான். போட்ட பிறகுதான் பயம் வந்தது. சாவாத வேப் ஒன்று வாங்கியே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தான்.

“இந்தாங்க, இது புதுசு,” என்று பாசில் ஒன்றை எடுத்து வைத்தான். கலர் திரையில் மீன் நீந்தியது.

“மீன் எதுக்கு?”

“சும்மா, அழகுக்கு.”

“மீன் நீந்துறதுக்கும் பேட்டரிதானே செலவாகும்? வேணாம்.”

கடைசியில் அவன் எடுத்தது யாருமே திரும்பிப் பார்க்காமல் மூலையில் கிடந்த சாம்பல் நிறக் கட்டை. அலுமினிய உடம்பு, ஒரே ஒரு பொத்தான். பேட்டரி செல்லைக் கழற்றி வேறு செல் போடலாம். ஜூஸைச் சூடாக்குகிற காயில் கம்பி கருகினால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அந்தக் காயில் பாசிலின் கடையிலேயே கிடைக்கும். கூட ஒரு செல்லும் வாங்கிக்கொண்டான். தெருவில் கரண்ட் வந்து, “மீ லாபி, மீ லாபி” என்று பர்மிய மொழியில் மாடிக்கு மாடி குரல் கிளம்பி, ஊரே ஃபோனையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு பிளக்கைத் தேடி ஓடும்போது அவனும் இரண்டு செல்லையும் ஏற்றி வைத்துவிடுவான். அதற்கப்புறம் இரண்டு மூன்று நாளைக்குக் கரண்ட் வராவிட்டாலும் கவலை இல்லை.

“நீங்க சொல்லுங்கண்ணே, இதுல மொதல்ல எது போகும்?” என்றான் பாசில் நக்கலாக.

“பொத்தான். அதுவும் போக வருசக்கணக்காகும்,” என்றான் உதயசூரியன். தன் தேர்வில் அவனுக்கு அவ்வளவு திருப்தி. வீட்டில் மனைவி பவானியிடம் செல்லைக் கழற்றிக் காட்டி, காயிலைக் கழற்றிக் காட்டி, அவள் கொட்டாவி விடும் வரை விளக்கினான்.

கட்டை சொன்னபடி உழைத்தது. ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. அதற்குள் கிரகம் வேறு பக்கமிருந்து வந்தது. ஊரின் மறுபக்கம் க்யிம்யிண்டைங்கில் அவனுடைய மாமனார் குப்புசாமி காலமானார்.

குப்புசாமி ஆற்றோரத்து ஜெட்டியில் படகுகளில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்த்தவர். வாயில் சுருட்டு இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. கடைசி இரண்டு வருஷம் நெஞ்சு இழுப்பில் படுத்தார், படுத்தபடியும் சுருட்டை விடவில்லை. எதில் போனார் என்று யாருக்கும் சந்தேகமில்லை. இருந்தாலும் துக்க வீட்டில் வந்தவர்களுக்கு சிகரெட்டும் சுருட்டும் வெற்றிலையும் தட்டில் வைத்து நீட்டுவது அந்த ஊர் வழக்கம், நீட்டாவிட்டால் குற்றம். மகன் இல்லாத வீடு, ஆகவே தட்டு மருமகன் கைக்கு வந்தது. உதயசூரியன் நாள் முழுக்கத் தட்டை ஏந்தி, லைட்டரைத் தட்டித் தட்டி, ஊரார் வாய்க்கெல்லாம் நெருப்பு வைத்தான். நடுநடுவே பின்கட்டுக்குப் போய்க் கட்டையை இழுத்துவிட்டு வந்து சமாளித்தான். நல்ல வேளை வாங்கினோம் என்று பாசிலை மனசுக்குள் வாழ்த்தினான்.

ஏழாம் நாள் காரியத்தில்தான் கணக்கு தப்பியது.

மாமியார் மீனம்மாளின் தாய் பர்மியப் பெண். அதனால் அந்த வீட்டில் ஏழாம் நாள் காலையில் பிக்குகளுக்கு அன்னதானம், மத்தியானம் தமிழ் முறையில் படையல். இரண்டுக்கும் நடுவில் ஆண்களுக்கு வேலை இல்லை. தெருவில் போட்ட பந்தலுக்குள் உட்கார்ந்து லப்பெத் என்கிற ஊறவைத்த தேயிலையை அள்ளித் தின்றுகொண்டிருந்தார்கள். உதயசூரியன் ஒதுங்கி நின்று கட்டையை எடுத்ததை, மாமனாரின் தம்பி சபாபதி பார்த்துவிட்டார்.

“என்னா மாப்ளே அது, குடுங்க பாப்போம்.”

துக்க வீட்டில் இழுக்கிற சாமான் எதுவானாலும் அது பொதுச் சொத்து. தட்டில் இருப்பதை யாரும் அனுமதி கேட்டு எடுப்பதில்லை. சபாபதி ஒரு இழுப்பு இழுத்து, “மாம்பழமா இருக்குதே,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் இரண்டு இழுத்து அடுத்தவரிடம் கொடுத்தார். கட்டை பந்தலை ஒரு சுற்றுச் சுற்றியது, ஆள் குறைந்ததால் மறுபடி ஒரு சுற்றும் சுற்றியது. கொடுங்கள் என்று பிடுங்க மருமகனுக்கு முடியுமா? பேட்டரி, பொத்தான், காயில் எல்லாம் எப்போது கெடும் என்று யோசித்தவன், இதை யோசிக்கவில்லை. கட்டை திரும்பி வந்தபோது வாய்ப் பக்கத்தில் வெற்றிலைச் சிவப்பு, உள்ளே ஒரு சொட்டு ஜூஸ் இல்லை. ஜூஸ் பாட்டில் மிங்கலா தாங்ஞுன்ட்டில் வீட்டு அலமாரிக்குள் இருந்தது. பேட்டரி மட்டும் முழுசாக இருந்தது.

போகட்டும், சாயங்காலம் வரைதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அப்போது உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

படையல் தயாராக இருந்தது. குப்புசாமியின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை, சோறு, மீன் குழம்பு, வடை, ஒரு கிளாஸ் தேநீர். இலை ஓரத்தில் அவர் பிடிக்கிற பச்சை இலைச் சுருட்டு, கட்டை விரல் பருமனில் ஒன்று. சபாபதி அதை எடுத்து உதயசூரியனிடம் நீட்டினார்.

“பத்த வச்சி வைங்க மாப்ளே. அண்ணனுக்குப் பொகையாத சுருட்டு வைக்க முடியாது.”

உதயசூரியன் லைட்டரை எடுத்து நுனியில் பிடித்தான். இலை கருகியது, அணைந்தது. மறுபடி பிடித்தான். மறுபடி அணைந்தது. சிகரெட் என்றால் எப்படியாவது பிடித்துக்கொள்ளும். சுருட்டு அப்படியல்ல, வாயில் வைத்து நாலு இழுப்பு இழுத்தால்தான் உள்ளே நெருப்பு ஏறும். அது அந்தக் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

“வாயில வச்சி இழுங்க,” என்றார் சபாபதி.

“நான் விட்டுட்டேன் மாமா.”

“உங்கள யாரு பிடிக்கச் சொன்னது? பத்த வைக்கத்தானே சொல்றேன். நாலு இழுப்பு இழுத்து எலையில வச்சிருங்க, முடிஞ்சது.”

“நீங்க பத்த வச்சிருங்களேன்.”

“மருமவன் கையால வைக்கணும். நான் தம்பி, நான் வச்சா ஆவாது.”

கூடத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. செத்தவருக்கு நாலு இழுப்பு இழுக்கக் கணக்குப் பார்க்கிறானே என்று யாரோ பர்மிய மொழியில் முணுமுணுத்தது அவன் காதில் விழுந்தது. சுவரோரம் நின்ற பவானியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவளுக்கு அப்பா ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம், அவள் என்ன சொல்வாள்? உதயசூரியனுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தைவிட ஒரு பங்கு அதிகமாக ஆசையும் வந்தது, அதுதான் கொடுமை. கருகின இலையின் வாசம் மூக்குக்குள் ஏறி, நாக்கில் எச்சில் ஊறியது. நாலு இழுப்பு, அதுவும் பெரியவருக்காக, யாரும் குற்றம் சொல்ல முடியாத நாலு இழுப்பு. இதைவிட நல்ல சாக்கு ஆயுசுக்கும் கிடைக்காது. அவன் சுருட்டை உதட்டுக்குக் கொண்டுபோனான்.

“இங்க குடுங்க,” என்றாள் மீனம்மாள்.

அவள் அடுப்பங்கரையிலிருந்து எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. சுருட்டை அவன் விரலிலிருந்து உருவி, தன் வாயில் வைத்துக்கொண்டு, “பிடிங்க,” என்றாள். உதயசூரியன் லைட்டரைப் பிடித்தான். கன்னம் குழிய அவள் இழுத்த இழுப்பில் நுனி சிவந்து பொரிந்தது. ஒரு தடவைகூட இருமவில்லை. புகையை மூக்கு வழியாக விட்டாள்.

“அண்ணி, மருமவன் கையால—” என்று ஆரம்பித்தார் சபாபதி.

“ரெண்டு வருசமா அவருக்குக் கை நடுங்கும். லைட்டர் பிடிக்காது. நாந்தான் வாயில வச்சிப் பத்த வச்சி அவரு வாயில குடுப்பேன்,” என்றாள் மீனம்மாள். “வேணாம்னு ஒரு நாளு சொல்லியிருக்கலாம். கேக்கிறாரேன்னு குடுத்தேன். இதுவும் நான் குடுத்ததாவே போகட்டும்.”

சொல்லிவிட்டுச் சுருட்டை இலையில் வைத்தாள். சபாபதி இலையை விட்டு விலகி நின்றார். புகை படத்துக்கு நேராகப் போயிற்று. பவானி அழுதாள். உதயசூரியன் லைட்டரைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

பந்தி முடிந்து ஜனம் கலைந்த பிறகு அவன் பின்கட்டுக்குப் போனான். மீனம்மாள் குழாயடியில் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“அத்த, நீங்க வரலன்னா நான் இழுத்திருப்பேன்,” என்றான்.

“தெரியும். அதான் வந்தேன்.” கையை நீட்டினாள். “என்னமோ ஒண்ணு எல்லாரும் சுத்திச் சுத்தி இழுத்தாங்களே. அதக் காட்டுங்க.”

அவன் கட்டையை எடுத்துக் கொடுத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“கனமா இருக்குது. நல்ல சாமானா?”

எத்தனை துக்கமிருந்தாலும் மெக்கானிக் புத்தி எங்கே போகும். “ரொம்ப நல்ல சாமான் அத்த. பேட்டரி போனா பேட்டரி மாத்திக்கலாம். காயிலு போனா காயிலு மாத்திக்கலாம். கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆவாது. அஞ்சாறு வருசம் கண்ணை மூடிக்கிட்டு ஓடும்.”

“அஞ்சாறு வருசமா?”

“மேலயும் ஓடும்.”

மீனம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் அவளுக்கு வராது, அன்றைக்கு வரவே வராது. புரியாமல்தான் கேட்டாள்.

“பொகைய நிறுத்தத்தானே இத வாங்குனீங்கன்னு பவானி சொன்னா. அப்ப சீக்கிரம் கெட்டுப் போறதாப் பாத்து வாங்கியிருக்கலாமே மாப்ளே.”

பாசிலைக் குடைந்து எடுத்த முக்கால் மணி நேரத்தில் அவன் கேட்காமல் விட்ட கேள்வி அது. அவள் கட்டையை அவன் கையில் வைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாசில் கடை இருக்கும் நிறுத்தம் வந்தது.

“எறங்கி ஜூஸ் வாங்கிக்கிறீங்களா?” என்று கேட்டாள் பவானி. “வீட்ல இருக்கிறது கொஞ்சந்தான்.”

கதவு திறந்தபடி நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். உதயசூரியன் கம்பியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“இருக்கிறது தீரட்டும்,” என்றான்.