உப்பு நிலாவின் மூன்றாம் பாகம்

மழை பெய்தால் ரப்பர் மரம் நனையும். மரம் நனைந்தால் பட்டையைக் கீறிப் பால் வெட்ட முடியாது. பால் வெட்டாவிட்டால் அன்றைக்குப் பதிவில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. கரவனெல்லைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் கைக்குழந்தைக்குக்கூட இந்தக் கணக்குத் தெரியும். அதனால் காலையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் லயத்து வீடுகளின் வாசலில் எல்லோரும் நின்று மேலே பார்த்துத் திட்டுவார்கள். ஜீவராணியும் சேர்ந்து நின்று திட்டுவாள், இல்லாவிட்டால் என்ன நினைப்பார்கள். திட்டி முடித்ததும் வீட்டுக்குள் போய், அரிசி வாளிக்குப் பின்னால் இருந்து புத்தகத்தை எடுப்பாள். முகத்தில் அப்போது வருகிற சந்தோஷத்தை யாராவது பார்த்திருந்தால் தோட்டத்தை விட்டே விரட்டியிருப்பார்கள்.

புத்தகம் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் இருக்கும் கண்ணாடி அலுமாரியில் கிடைத்தது. கொழும்பிலிருந்து யாரோ நல்ல மனிதர்கள் வந்து, மாலை போட்டுக்கொண்டு, படம் பிடித்துக்கொண்டு கொடுத்துவிட்டுப் போன அலுமாரி. தோட்டத்து மக்களுக்கு என்ன தேவை என்று அவர்களே தீர்மானித்து, சமையல் குறிப்பு, பழைய பரீட்சை வினாத்தாள், வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று அடுக்கியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் 'உப்பு நிலா' எப்படி நுழைந்தது என்று அவர்களைக் கேட்டாலும் தெரியாது. இரண்டு தடித்த பாகங்கள். கடல் வற்றிப்போன ஒரு நிலாவில் சனங்கள் உப்பு வெட்டிப் பிழைக்கிறார்கள். அவர்களில் ஆழினி என்ற பெண்ணுக்கு மட்டும் மண்ணுக்கு அடியில் ஒளிந்திருக்கும் தண்ணீர் பேசுவது கேட்கிறது. இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் வற்றிய கடலின் அடியில் இருக்கும் வாசலுக்குத் தனியாக நடந்து போகிறாள், கதவு திறக்கிறது, அத்தோடு சரி. மூன்றாம் பாகம் அலுமாரியில் இல்லை. நல்ல மனிதர்கள் எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போவது தோட்டத்துக்குப் புதிதில்லை, ஆனால் இந்த ஒரு பாதியை ஜீவராணியால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இரண்டு வருடமாக அவளுக்கு மண்டை காய்ந்தது.

கரவனெல்லை டவுனில் முஹ்ஸின் நானாவின் கடையில்தான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் புத்தகப் பையும் வாங்குவார்கள். கொழும்புக்கு ஆள் அனுப்பித் தமிழ்ப் புத்தகமும் எடுப்பார். ஜீவராணி விஷயத்தைச் சொன்னதும் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"ஒரு ஆளுக்குன்டு சொல்லி எடுக்கேலா, தங்கச்சி. நாலஞ்சு பேர் வாசிக்கிறதுன்டா சொல்லுங்க, நான் எடுத்துத் தாறேன்."

"நாலஞ்சு பேர் கேட்டா கட்டாயம் எடுப்பீங்களா?"

"அல்லா மேல ஆணை," என்றார் முஹ்ஸின் நானா. தோட்டத்தில் நாலைந்து பேர் நிலாக் கதை படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் சொன்ன ஆணை அது.

ஜீவராணி ஆள் பிடிக்க இறங்கினாள். முதலில் நேர்மையாகத்தான் ஆரம்பித்தாள். வெட்டிய பாலை நிறுக்க வரிசையில் நிற்கும்போது லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பிரேமலதாவிடம் சொன்னாள். "ஒரு கதபொஸ்தகம் இருக்கு பிரேமா, அவ்வளவு நல்லாருக்கும். எல்லாம் வேற ஒரு நிலாவுல நடக்குது."

"இங்கயே நமக்கு ஒரு துண்டு காணி இல்ல, நீ நிலாவுக்குப் போயிட்டியா?" என்றாள் பிரேமலதா. வரிசையே சிரித்தது.

அன்றைக்கே ஜீவராணிக்குப் புத்தி வந்தது. ஒரு புத்தகத்தைப் பற்றி உண்மையைச் சொன்னால் யாரும் படிக்க மாட்டார்கள். மறுநாள் பிரேமலதாவிடம், அது ஒரு மாமியார் மருமகள் கதை என்றாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. உப்பு அரண்மனை ராணிக்கு இரண்டு மருமகள்கள் உண்டு, நாலைந்து பக்கம் வந்துவிட்டுப் போவார்கள். தொழிற்சங்கத் தலைவர் கன்னையாவிடம், அது உப்புத் தொழிலாளர்கள் கம்பெனியை எதிர்த்துச் செய்யும் வேலைநிறுத்தம் என்றாள். அதுவும் ஒரு அரை அத்தியாயம் உண்டு. இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"முடிவு எப்புடி?"

"முடிவுதான் பிரமாதம். சொன்னா ருசி போயிரும்," என்றாள் ஜீவராணி. மூன்றாம் பாகத்தை எங்கே படித்தாய் என்று கேட்டதற்கு, கொழும்பில் கட்டட வேலை செய்யும் புருஷனைப் பார்க்கப் போனபோது அங்கே ஒருவரிடம் வாங்கிப் படித்ததாகக் கதை அளந்தாள். முடிவு தெரியாத கதையைப் படி என்று சொன்னால் எவன் நம்புவான்?

இருளாயியிடம் மட்டும் என்ன பொய் சொல்வதென்று பிடிபடவில்லை. அரநாயக்கப் பக்கம் மலை சரிந்த பிறகு, அக்கா வீட்டோடு இருக்கலாம் என்று இந்தத் தோட்டத்துக்கு வந்தவள் அவள். ஐம்பதைத் தாண்டியவள், வேலையில் சுத்தம், பேச்சில் கஞ்சத்தனம். ஜீவராணிக்கு அடுத்த மலையில் பால் வெட்டினாள். சீரியல் பார்ப்பதில்லை, சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை, கோயிலுக்குக்கூட எப்போதாவதுதான். வேறு வழி தெரியாமல் ஜீவராணி உண்மையையே சொன்னாள்.

"ஒரு பொண்ணு வீட்ட விட்டுப் போறாக்கா. திரும்பி வாறாளா இல்லையாங்கிறதுதான் கத."

இருளாயி கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

அந்த வைகாசியில் மழை விட்டபாடில்லை. புத்தகம் காம்பரா காம்பராவாகச் சுற்றியது. ஜீவராணிக்கு ஆட்கள் கிடைத்தார்கள், நிம்மதிதான் போனது. அவள் எத்தனையோ மழைநாளில் தனியாக இருந்து அழுத கதையை இவர்கள் படித்த லட்சணம் அப்படி.

"அந்தப் பொண்ணு செஞ்சது சரியில்ல," என்றார் கன்னையா. "முன்னறிவித்தல் குடுக்காம வேலைய நிப்பாட்டினா கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? மொதல்ல ஒரு கூட்டு ஒப்பந்தம் போட்டிருக்கணும்."

"தலைவரே, அவளுக்குத் தண்ணி பேசுறது கேக்குது. அதுதான் கத."

"கேக்கட்டும். அத எழுத்துல குடுத்தாளா?"

பிரேமலதா இன்னும் மோசம். ஊரையே தாகத்தில் போட்டு வதைக்கிற உப்பு அரண்மனை ராணியின் பக்கம் சாய்ந்துவிட்டாள். "பவ் தானே, பாவம் அந்தப் பொம்பள. அப்புடி ரெண்டு மருமகளுகள வச்சிக்கிட்டு யாருக்குத்தான் நல்ல புத்தி வரும்?" என்று அடுப்படியில் இருந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தான் விற்ற சரக்கைத்தானே வாங்கியிருக்கிறார்கள் என்று ஜீவராணி பல்லைக் கடித்துக்கொண்டாள். இருளாயியோ விரலை வைத்து வரி வரியாகப் படித்து, இரண்டு பாகத்தையும் முடித்துவிட்டு, "அடுத்தது எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டாள்.

நாலு பேர் சேர்ந்துவிட்டதும் முஹ்ஸின் நானா வாக்கைக் காப்பாற்றினார், தனக்கே அது ஆச்சரியமாக இருந்தாலும். கொழும்பில் கிடைத்தது ஒரே ஒரு பிரதி. ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போன இருளாயி வரும் வழியில் அதை வாங்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவள் கையில் இருந்த நீல அட்டையை ஜீவராணி பார்த்துவிட்டாள். ஓடிப்போய்க் கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா, ஒருக்கா பாத்துட்டுத் தாறேன்."

"நீ ஏன் அவசரப்படுற?" என்று குறுக்கே வந்தார் கன்னையா. "நீதான் முடிவு வரைக்கும் படிச்ச ஆளு. படிக்காதவங்க மொதல்ல படிக்கட்டும். இருளாயி, அடுத்தது பிரேமா, பெறகு நான். ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே, கடைசியா ஆறுதலா எடுத்துக்க."

நியாயத்தில் ஒரு ஓட்டை இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். ஜீவராணியும் தலையாட்டினாள். வேறென்ன செய்வாள், தானே தோண்டிய குழி. அதைவிடக் கொடுமை, கதையை யாரும் தன் காதில் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சவும் அவளுக்கு வழியில்லை. தெரிந்த முடிவைக் கேட்க யார் பயப்படுவார்கள்? இருளாயி தண்ணீர் எடுக்க வந்தால் ஜீவராணி குடத்தைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள். ஆனாலும் இருளாயி எந்தப் பக்கம்வரை படித்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை. இப்படியே மழையும் ஓய்ந்தது.

வெயில் வந்ததும் வேலை தொடங்கியது. மரத்தில் பால் வெட்டி முடித்தால், சிரட்டையில் பால் வடிந்து நிற்கும்வரை கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். ஜீவராணி ஒரு கல்லில் உட்கார்ந்து போத்தலில் இருந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மலையிலிருந்து இருளாயி இறங்கி வந்தாள்.

"வாங்கக்கா, தேத்தண்ணி குடிங்க."

இருளாயி உட்காரவில்லை. "எனக்கு வேணாம்," என்றாள். பிறகு சொன்னாள், "ஆழினி செத்துட்டா."

ஜீவராணியின் கையில் இருந்த மூடி சாய்ந்து தேத்தண்ணி மடியில் கொட்டியது. இரண்டு வருடக் காத்திருப்பு இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. அவளுக்கு வந்தது துக்கம் இல்லை, சுத்தமான கோபம்.

ஆனால் இருளாயி அவளைவிடக் கோபமாக இருந்தாள். "ஒனக்குத் தெரியும்ல? தெரிஞ்சிக்கிட்டே ஒன்னும் தெரியாதவ மாதிரி எங்கிட்ட குடுத்த. திரும்பி வாறாளான்னு பாருங்கன்னு வேற சொன்ன. ஒரு சாவு தெரிஞ்சவ வாய மூடிக்கிட்டு இருக்கலாமா?"

தோட்டத்தில் இது சின்னக் குற்றம் இல்லை. எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டாலும், சாவு என்றால் ஒருவர் நேரில் போய் நின்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வந்தவர்கள் அந்த வீட்டில் உட்காரமாட்டார்கள், தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். தெரிந்தும் சொல்லாமல் விட்டதால் பேச்சே நின்றுபோன குடும்பங்கள் உண்டு. அந்த முறையைத்தான் இருளாயி ஒரு நிலாக்காரிக்காகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எந்த எடத்துலக்கா?" என்றாள் ஜீவராணி.

இருளாயி பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அடையாளத்துக்கு ஒரு கொண்டை ஊசி செருகியிருந்தது. ஜீவராணியின் கண் தானாக அளந்தது. ஊசி சரியாக நடுவில் இருந்தது. இன்னும் பாதிப் புத்தகம் பாக்கி. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"மிச்சத்தப் படிக்கலையா?"

"ஆளு செத்த பெறகு எப்புடிம்மா படிக்கிறது?"

"ஒடம்பு கெடச்சிச்சா?"

"இல்ல. தண்ணி வந்து மூடிக்கிச்சு. தேடுனாங்க. கெடைக்கல."

ஜீவராணி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "அப்ப சாகலக்கா. ஒடம்பு கெடைக்கலன்னா உசுரோட இருக்கான்னுதான் அர்த்தம். இந்த மாதிரிப் பொஸ்தகம் எல்லாத்துலயும் அப்புடித்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் இருளாயியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அரநாயக்கயில் மலை சரிந்த அன்று இருளாயி கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலையில் இருந்தாள். மகள் விஜயகலா வீட்டில் இருந்தாள். யாரும் இருளாயியைத் தேடி வந்து சொல்லவில்லை. அந்த வீட்டுக்கார நோனா பார்த்துக்கொண்டிருந்த டீவியில், மண்ணாகிக் கிடந்த தன் ஊரை அவளே பார்த்தாள். மகளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. இதெல்லாம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவள் அக்கா சொல்லித் தெரியும், இருளாயி சொல்லி இல்லை. மகளுக்குக் காரியம்கூடச் செய்யவிடாமல் இருக்கிறாள் என்று பின்னால் பேசுவார்கள். ஜீவராணியும் பேசியிருக்கிறாள். தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது அவளுக்கு.

இருளாயி இப்போது உட்கார்ந்தாள், கல்லின் ஓரத்தில், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு.

"அப்ப வாறாளா?"

"அக்கா..."

"நீ படிச்சவதானே. ஆமா, இல்லைன்னு சொல்லு, போதும். வாறாளா?"

வாறா என்று சொல்ல ஒரு நொடி போதும். இத்தனை நாளும் இந்தப் புத்தகத்தைப் பற்றி ஆளுக்கொரு பொய்யைக் கூசாமல் அவிழ்த்துவிட்டவள்தான் அவள். அந்த வாய்க்கு இப்போது ஒன்றுகூட வரவில்லை.

"தெரியாதுக்கா. நான் இன்னும் படிக்கல. படிச்சேன்னு சொன்னது பொய்."

இருளாயி திட்டுவாள் என்று ஜீவராணி காத்திருந்தாள். இருளாயியோ கொண்டை ஊசி நகராமல் பார்த்துக்கொண்டு, புத்தகத்தை ஜீவராணியின் மடியில் வைத்தாள்.

"அப்ப மிச்சத்த நீ படி. என்னால ஏலாது," என்றாள். "வந்துட்டான்னாலும் சொல்லு. வரலன்னாலும் சொல்லு. ஆனா வீட்டுக்கு வந்து, நேர்ல நின்னு சொல்லணும். வேற யாரும் சொல்லி எனக்குத் தெரிய வரக் கூடாது."

எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு பாலைச் சேர்க்கப் போனாள்.

இரண்டு வருடமாக ஜீவராணி கேட்டது கைக்கு வந்திருந்தது. கன்னையாவின் வரிசையும் இல்லை, மறிக்க ஆளும் இல்லை. ஊசி இருந்த இடத்தில் விரலை வைத்தாள். அவளுக்கு அதைத் திறக்கப் பயமாக இருந்தது.