நீட்டிய கைகள்

மாத்திரையைக் கொடுத்தது நான்தானே.

விடியலில் செருப்பு ஆலையின் ஒட்டுப் பிரிவுக்குள் நுழைந்து ஒல்லியைப் பார்த்ததிலிருந்து ஆலை நர்ஸுக்கு இந்த நினைப்புதான். செருப்பின் அடிப்பாகத்தில் தடவும் பசையின் நெடி மண்டையைப் பிளக்கும். தூசி படும் என்று மேனேஜர் ஜன்னல்களைத் திறக்க விடுவதில்லை. அதனால் தினமும் வேலை தொடங்குமுன் ஆளுக்கு இரண்டு தலைவலி மாத்திரை, மதியம் இரண்டு, சாயங்காலம் கேட்டால் இன்னும் இரண்டு. அவளிடம் வாங்கி வெறும் வாயில் விழுங்கிவிட்டுத் தூரிகையைப் பிடிப்பார்கள்.

இன்று, ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் தொழிலாளி பசையைச் செருப்பின் மேல்பக்கத்தில் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, போடுறவன் தலைகீழாவா நடக்கப்போறான்?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

எதற்கும் பதிலடி கொடுக்கும் ஒல்லி, தூரிகையை மறுபடி மேல்பக்கத்திலேயே இழுத்தார். நர்ஸ் அருகே போனாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. மூச்சில் அழுகிய இனிப்பு வாடை.

"அண்ணே, ரெண்டு கையையும் நீட்டுங்க. பஸ்ஸை நிறுத்துற மாதிரி."

நீட்டினார். மணிக்கட்டுகள் நிற்காமல் தொய்ந்து தொய்ந்து விழுந்தன.

"இன்னைக்கு என்ன கிழமை?"

ஒல்லி கதவுப் பக்கம் பார்த்தார். "அம்மா வந்துட்டாளா?"

பசை நெடியிலும் மாத்திரையிலும் கல்லீரல் செயலிழந்து, விஷம் மூளைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"காமாலைதானே, வீட்டுக்கு அனுப்புங்க" என்றார் மேனேஜர்.

"வீட்டுக்கு இல்ல சார், பெரிய ஆஸ்பத்திரிக்கு. இப்பவே. கொஞ்ச நேரத்துல நினைவு தப்பிடும்."

"சரி, வண்டி தர்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டுல குடிப்பழக்கம்னு எழுதுங்க."

"இவனா? டீயே அரை கிளாஸ்தான் குடிப்பான்" என்றார் மேசைக்காரர்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "உண்மையை எழுதினா முதல்ல உங்க வேலைதாம்மா போகும். மாத்திரை கொடுத்தது யாரு?"

அந்த மாத்திரைக்கு முறிவு மருந்து உண்டு. குடி என்று எழுதினால் அதை ஏற்ற வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

எழுதினாள். பசை. எத்தனை மாத்திரை, எத்தனை மாதம். கொடுத்தது நான். மடித்து மேசைக்காரர் கையில் திணித்தாள். மேனேஜர் வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தூரிகைகள் ஒவ்வொன்றாகக் கீழே வைக்கப்பட்டன. நால்வர் ஒல்லியை மேசைப் பலகையோடு தூக்கினார்கள். சரக்கேற்ற வந்த லாரிக்காரர் எதுவும் கேட்காமல் பின்கதவைத் திறந்தார். மேசைக்காரர் சீட்டோடு ஏறிக்கொள்ள, லாரி கிளம்பியது. பிழைப்பாரா என்று யாருக்கும் தெரியாது. யாரோ ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள்.

மற்றவர்கள் வேலைக்குத் திரும்பவில்லை. பசை காய்ந்த விரல்களை விரித்து, பஸ்ஸை நிறுத்துவதுபோல் கைகளை நீட்டியபடி அவள் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

மேனேஜர் புதுச் சீட்டொன்றை அவள் முன்னால் நீட்டினார். "இன்னும் நேரம் இருக்கு. மாத்தி எழுதுங்க, நம்ம வண்டியில அனுப்பிச் சீட்டை மாத்திடலாம்."

அவள் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாள்.

"அடுத்தவங்க வாங்க" என்றாள்.