பனிக்குள் ஒளிந்தவர்கள்

மாதா சுரூபத்தின் வலது கை தரையில் தனியாகக் கிடந்தது. பக்கத்தில் இசபெல்லைக் காணோம்.

அக்டோபர் மாதம் முழுவதும் அந்தத் தேயிலைத் தோட்டத்து வேதக்காரர்கள் சுரூபத்தை வரிசை வீடுகள் கொண்ட லயங்களுக்கு ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய், வீட்டுக்கு ஒரு நாள் வைத்துச் செபமாலை சொல்வார்கள். வியாகுலத்தின் வீட்டுக்கு மட்டும் இரண்டு வருஷமாக வரவில்லை, அவன் வரவிடவில்லை. கைக்குழந்தை காய்ச்சலில் போன அன்று, சுவரில் மாட்டியிருந்த சிலுவையைக் கழற்றிச் சாக்கடைக் கானில் வீசியவன் அவன். அதற்குப் பிறகு, பூசைக்கு வரும் சாமியாரின் வெள்ளை அங்கி நோர்வூட் ரோட்டு வளைவில் தெரிந்தால் போதும், நம்ம ஆள் பின்பக்கமாக இறங்கித் தேயிலைக்குள் மறைந்துவிடுவான். சாமியாரும் லேசுப்பட்டவரில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் வாசலில் நின்று, "வியாகுலம்" என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

"சிலுவையத் தூக்கிப் போட்டதுக்குக் கணக்குத் தீர்க்கத்தான் ஆண்டவரு ஆள் அனுப்புறாரு" என்பான் மனைவி பெற்றீசியாவிடம்.

நாளைக்குப் பூசை, இன்றைக்கே சாமியார் வந்துவிடுவார் என்று தெரிந்து, இந்த வருஷம் பெற்றீசியா பிடிவாதமாகச் சுரூபத்தை வாங்கி வைத்துவிட்டாள். அதைத்தான் ஏழு வயது மகள் இசபெல் பூ வைக்கப் போய் உடைத்துவிட்டாள். உடைத்த பயத்தில் ஓடியும்விட்டாள்.

வியாகுலம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வேலை முடிந்து வந்தபோது, சாயங்காலப் பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

"கீழ் மலைப் பக்கந்தாங்க ஓடுனா. நீங்க அடிப்பீங்கன்னு பயந்து ஓடிட்டா" என்று பெற்றீசியா அழுதாள்.

கீழ் மலையில் செடிகளை இன்னும் வெட்டவில்லை. நெஞ்சுயரம் அடர்ந்து கிடக்கும். அடியில் ஒரு பிள்ளை தவழ்ந்து போனால் மேலே நிற்பவனுக்குத் தெரியாது. அந்த மலை முடிகிற இடத்தில் ஆற்றுப் பள்ளம், செங்குத்தாக.

லயத்து ஆண்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் மாயாண்டி தன் தப்புப் பறையை எடுத்துக்கொண்டான். சத்தம் கேட்டால் பிள்ளைக்குத் திசை தெரியும் என்று எல்லோருக்கும் நினைப்பு. வரிசையாக நின்று, தப்படித்து, பேர் சொல்லிக் கத்திக்கொண்டே இறங்கினார்கள். பதில் இல்லை. கீழே பனிக்குள் செடிகள் மட்டும் சலசலத்தன. சத்தம் நெருங்க நெருங்க அந்தச் சலசலப்பு பள்ளத்தை நோக்கிப் போனது.

அப்போதுதான் வியாகுலத்துக்கு உறைத்தது. காட்டுப்பன்றியை விரட்டுவதும் இதே ஆட்கள்தான், இதே தப்புதான், இதே வரிசைதான். போன மாதம் ஒரு பன்றி இப்படி ஓடித்தான் பள்ளத்தில் விழுந்தது. அன்றைக்கு அதை இசபெல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிக்காத! மாயாண்டி, அடிக்காதடா! எல்லாரும் நில்லுங்க!"

தப்பு நின்றது.

"இசபெல்லு, அப்பா அடிக்க மாட்டேன், வாடி கண்ணு!"

சொன்ன வாய்க்கே அது கசந்தது. தண்ணீர்க் குடத்தை உடைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தவளை இதே வார்த்தையைச் சொல்லித்தான் ஒருநாள் வெளியே வரவழைத்தான். வந்ததும் விளாசித் தள்ளிவிட்டான். இனி அந்த வார்த்தையை அவள் எதை வைத்து நம்புவாள்?

கத்தியை மாயாண்டியிடம் கொடுத்துவிட்டுத் தனியாக இறங்கினான். செடிகளுக்கு அடியில் புகுந்து தவழ்ந்தான். கிளைகள் முகத்தைக் கீறின. அட்டை காலில் ஏறியது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தாளானால் பள்ளம். தேடி வருகிறவன் அடிக்கத்தான் வருகிறான் என்று நினைக்கிறாளே, பாவி மகள்!

நினைத்த மாத்திரத்தில் தவழ்வதை நிறுத்தினான். இதே தேயிலைக்குள் அவனும்தானே குந்தியிருந்தான்? மேலே வாசலில் ஒரு குரல் கூப்பிடும். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பான். அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று ஒருநாளாவது காதுகொடுத்துக் கேட்டதில்லை.

வியாகுலம் ஈர மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

"ஆண்டவரே, நீங்க தேடித் தேடி வந்தீங்க, நான் ஒளிஞ்சுக்கிட்டேன். எம்புள்ளைக்கும் ஒளியக் கத்துக்குடுத்துட்டேன். என்னய என்ன வேணும்னாலும் பண்ணுங்க, அவ அசையாம இருக்கட்டும். இசபெல்லு, நீ வரவேணாம்டி. அப்பா வர்றேன். எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லு."

பனி நகர்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தான்.

"அப்பா... இங்கதான் இருக்கேன்."

பள்ளத்து விளிம்பில் கடைசிச் செடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் கை நீட்டியதும் அடி விழப்போகிறதென்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடேயே செடியை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேலே ஏறினான். லயத்துக்குக் கிட்டே வந்தபோது வாசலில் வெள்ளை அங்கி மங்கலாகத் தெரிந்தது. வியாகுலத்தின் கால்கள் பழக்கதோஷத்தில் பின்பக்கம் திரும்பின. இந்தப் பனியில் அவன் நிற்பது யாருக்கும் தெரியாது.

"வியாகுலம்!"

இந்த முறை அவன் காதுகொடுத்துக் கேட்டான். அந்தக் குரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

இசபெல் அவன் காதோடு சொன்னாள். "சொல்லிருங்கப்பா. அடிக்க மாட்டாங்க."

"சாமி" என்றான் வியாகுலம். "இங்கதான் இருக்கேன்."