பிரின்சியின் தலைவலிகள்

காலையில் கவரைப்பேட்டையில் ரயிலேறும்போதே பிரின்சிக்குத் தலைவலி தொடங்கிவிடும். நெற்றியைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டினாற்போல் ஒரு வலி. கும்மிடிப்பூண்டி பிளாஸ்டிக் கம்பெனியில் நாள் முழுக்க வாளிகளின் விளிம்பில் பிசிறு சீவிவிட்டு வீடு திரும்பும்வரை அது விடாது.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது ஆளாளுக்குச் சொன்ன வைத்தியம்.

"சைனஸ்தான். மூஞ்சில நீர் கோத்துக்கினு இருக்கும்," என்றாள் பக்கத்து மெஷின் நர்மதா.

"நாஷ்டா துன்னாம வந்தா வலிக்காம இன்னா பண்ணும்?" என்றார் சூப்பர்வைசர் சாலமோன்.

கணவன் இம்மானுவேலுக்கு எல்லா நோய்க்கும் ஒரே காரணம்தான். "எப்பப் பாரு போனை நோண்டிக்கினே இரு!"

அவளும் எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். ஆவி பிடித்தாள். கண்ணாடி வாங்கிப் போட்டாள். யாரோ சொன்னார்களென்று டீயை விட்டாள். அன்றைக்கு வலி இரண்டு மடங்கானதுதான் மிச்சம். கடைசியில் மெடிக்கல் ஷாப் மாத்திரைதான் கைகொடுத்தது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. போட்டால் கொஞ்ச நேரம் விடும். பிறகு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆடி மாதத்தில் ஒருநாள் மெஷின் பக்கத்திலேயே வாந்தி எடுத்தாள். தலையின் இடப்பக்கம் மட்டும் விண்விண்ணென்று தெறித்தது. டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கம்பெனியிலிருந்து போன் போனதும் இம்மானுவேல் அலறியடித்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கிருந்த டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தினமும் வர்ற வலியும் இதுவும் ஒரே மாதிரியா?"

இத்தனை வைத்தியர்களில் ஒருவர்கூட அவளிடம் இதைக் கேட்டதில்லை.

"இல்ல மேடம், இது வேற. கல்யாணத்துக்கு முன்னாடியே மாசத்துக்கு ஒரு தபா வரும். தினம் வர்றது இப்பத்தான்."

"மாத்திரை எப்போதிருந்து போடுறீங்க?"

"பொங்கல்லேருந்து. டெய்லி."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இன்னைக்கு வந்தது மைக்ரேன், ஒத்தத் தலைவலி. அது உங்க உடம்பு வாகு. தினமும் வர்றது நீங்க போடுற மாத்திரையால வருது. தலை அதுக்குப் பழகிடுச்சு. மருந்தோட வேகம் இறங்கினா வலிக்குது, வலிக்குதுன்னு திரும்பப் போடுறீங்க."

பிரின்சிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "தலைவலிக்குப் போட்டதே தலைவலியா? இன்னா மேடம், பேஜாரா கீது!"

"நிறுத்திடுங்க. முதல்ல வலி கூடும், அப்புறம் குறையும். மைக்ரேனுக்கு வேற மாத்திரை எழுதுறேன். அது வந்த அன்னைக்கு மட்டும்."

நிறுத்தினாள். கூடும் என்று டாக்டரம்மா சொன்னது பொய்யில்லை. குக்கர் விசிலுக்குக் கத்தினாள், டிவி சத்தத்துக்குக் கத்தினாள், பிறகு கத்தியதற்காக அழுதாள். சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு அவள் நிற்பதைப் பார்க்கச் சகியாமல் இம்மானுவேல் பழைய மாத்திரை ஒன்றையும் தண்ணீரையும் கொண்டுவந்தான்.

"ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோ பிரின்சி. யாரு பாக்கப்போறா?"

டம்ளர் பறந்து கதவில் மோதியது. "அந்தம்மா சொன்னப்ப நீயும்தான கேட்டுக்கினு இருந்த! சும்மா இருக்கறது உனக்கு அவ்ளோ கஷ்டமா?"

அவன் தரையைத் துடைத்தான். டிவி பிளக்கைப் பிடுங்கினான். ஜன்னலில் போர்வையைக் கட்டினான்.

ஆடி போய் ஆவணி வந்ததும் தினசரி வலி மெல்லக் கழன்றுகொண்டது. ஒற்றைத் தலைவலி மட்டும் போகவில்லை. போகாது என்று அவளுக்கும் தெரியும். அது மறுபடி வந்த காலையில் டாக்டரம்மா எழுதிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாலமோனுக்கு போன் செய்தாள்.

"வெறும் வயித்துல மோர் குடிச்சுப் பாத்தியா..." என்று அவர் ஆரம்பித்தார்.

"சார், இது மைக்ரேன். இன்னிக்கு லீவு."

போனை அணைத்துவிட்டு இருட்டில் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் எதிர்வீட்டு முத்தம்மாவின் குரல் கேட்டது. "தைலம் கொண்டாந்துகீறேன். சூடு பறக்கத் தேச்சா..."

"அக்கா," இம்மானுவேல் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான், "உனக்குப் புண்ணியமாப் போவும். ஒண்ணும் சொல்லாத. ஊட்டுக்குப் போ."

பிரின்சிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.