உள்ளே விட்ட துணி

ஊரிலேயே தாழ்வான இடம் பள்ளத் திடல். இயற்கையாக அமைந்த பள்ளம் அல்ல. நகரமன்றம் வேண்டுமென்றே தோண்டியது. வெயில் நாளில் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடுவார்கள். பெருமழை பெய்தால் சுற்றுத் தெருக்களின் வடிகால்கள் எல்லாம் அதற்குள் கொட்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திடல் குளமாகிவிடும். அடியில் இருக்கும் சிறிய மடை அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கு அனுப்பும்.

அப்படி நிரம்பிய ஒரு மாலையில்தான் பந்தை எடுக்க இறங்கிய வாலு திரும்பி வரவில்லை. வீட்டில் வைத்த பெயர் வேறு. ஓரிடத்தில் உட்காராத பிள்ளை என்பதால் தெருவே அவனை வாலு என்றுதான் கூப்பிட்டது. அவனை வெளியே எடுத்தபோது விரல் நகங்களில் எல்லாம் சேறு. சரிவு வழுக்கல், பிடித்து ஏற அங்கே ஒன்றுமே இல்லை.

அவன் அப்பா தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அம்மா அதே கடையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தவள். மகன் போன பிறகு அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "அந்தப் பள்ளத்த மூட வைக்கிறேன். என்னை மன்றத்துக்கு அனுப்புங்க" என்று கேட்டாள். ஊர் அனுப்பியது. அடுத்த தேர்தலில் தலைவியாகவும் ஆக்கியது.

மூடுவதென்றால் எப்படி மூடுவது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் மன்றத்துப் பொறியாளரிடம் கேட்டாள். அவர் வரைபடத்தை விரித்து விளக்கியது, வீட்டுக்கு வந்து புட்டியில் புனல் வைத்து எண்ணெய் ஊற்றும்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புட்டியின் கழுத்து குறுகல். எண்ணெயோ மடமடவென்று விழுகிறது. ஆனாலும் சிந்துவதில்லை, ஏனென்றால் புனலின் அகன்ற வாய் வருவதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கழுத்து கொள்ளும் அளவுக்கு மட்டும் விடுகிறது. ஆற்றுக்குப் போகும் குழாய்தான் அந்தக் கழுத்து. புனலின் வாய், திடல். அதை மூடிவிட்டால் மழைத் தண்ணீர் தாழ்ந்த தெருக்களின் வீடுகளுக்குள் போகும்.

புட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புரிந்துபோன ஒன்றை மறுபடி புரியாததாக ஆக்கிக்கொள்ள வழியில்லை. கணவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு கட்டட நிறுவனம் திடலை விலைக்குக் கேட்டது. மண் நிரப்பிக் கடைகள் கட்டப்போகிறார்களாம். அந்தப் பணத்தில் துருப்பிடித்த குடிநீர்க் குழாய்களை மாற்றலாம்; நியாயமான தேவைதான். உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். மன்றத்தில் தலைவி சாதாரணமாகக் கை தூக்குவதில்லை. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் அவள் கை முடிவு செய்யும்.

கூட்டத்தன்று காலையில் கணவர் ஒரு பள்ளிக் கால்சட்டையின் அடியை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னையோட அந்தச் சனியன் ஒழிஞ்சுது" என்றார் நிமிராமல். "என்ன தலைவியம்மா, வாயில பூட்டு போட்டிருக்கா?"

"மூட முடியாதுங்க."

தையல் எந்திரம் நின்றது.

"மூடினா தண்ணி வீட்டுக்குள்ள போயிடும். அங்கயும் பிள்ளைங்க தூங்குதுங்க."

"ஊரான் பிள்ளைங்க. சரி. நம்ம பிள்ளை?"

அவள் அந்தக் கால்சட்டையை எடுத்து அடியைத் திருப்பினாள். "இதப் பாருங்க. இவ்வளவு துணிய உள்ள மடிச்சு விட்டிருக்கீங்க. வீண்னு யாராவது சொன்னா சண்டைக்கே போவீங்க. எதுக்கு விடுறீங்க?"

"வளர்ற பிள்ளை. அடுத்த வருஷம் பிரிச்சு விட்டா கால் எட்டும்."

"திடலும் அப்படித்தாங்க. சும்மா கிடக்கிற மாதிரிதான் தெரியும். வேணும்ங்கிற அன்னைக்கு வேற எங்க போய்த் தேடுறது?"

அவர் எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வாலுவின் கால்சட்டையோடு வந்து, அடித்தையலை அவள் முன்னாலேயே பிரித்தார். வெளித்துணி துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. உள்ளே மடித்திருந்தது மட்டும் துணிக்கடையில் கிழித்து வாங்கிய அன்று இருந்த கருநீலம்.

"இவனுக்கும்தான் விட்டேன்" என்றார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மன்றத்தில் கைகளை எண்ணினார்கள். சமம். மீசை என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த உறுப்பினர் சிரித்தார். "இதுக்காகத்தானேம்மா உன்னை ஜெயிக்க வெச்சோம்? டீ ஆறுது, சட்டுன்னு தூக்கு."

"விக்க வேண்டாம்ணே."

மீசை சிரிப்பை நிறுத்தினார். "பெத்த பிள்ளைய முழுங்கின பள்ளத்துக்கா நீ காவல் நிக்கிற?"

"ஆமாண்ணே." தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொன்னாள். "நாலு பக்கமும் படி கட்டணும். கைப்பிடி வைக்கணும்."

"காசு வர்ற வழிய அடைச்சிட்டுக் கைப்பிடி கேக்குறியே" என்றார் மீசை. அதில் கேலி இல்லை. உண்மையாகவே பெட்டியில் பணம் இல்லை. படியும் கைப்பிடியும் அடுத்த ஆண்டுக்குப் போயின.

அன்றிலிருந்து கணவர் அவளோடு பேசவில்லை. அவள் தட்டு வைத்தால் சாப்பிட்டார். கேட்டதற்குத் தலையாட்டினார். பிரித்த கால்சட்டை தையல் எந்திரத்தின் மேலேயே கிடந்தது.

முதல் பெருமழை ஒரு பிற்பகலில் பிடித்தது. மன்றத்திலிருந்து வந்து பார்த்தால் கடை திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். உயரத்தில் தொங்கும் துணிகளை எடுக்கும் நீளமான கொக்கிக் கம்பும் மூலையில் இல்லை. அவள் குடையோடு திடலுக்கு ஓடினாள்.

வடிகால்கள் நாலு பக்கமும் கொட்டிக்கொண்டிருந்தன. சரிவின் மேல் விளிம்பில் அவர் நனைந்துபோய் நின்றார். கையில் அந்தக் கம்பு.

"எப்ப வடியும்?" என்று கேட்டார். அத்தனை நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

"விடியறதுக்குள்ள."

"நீ போ. எந்தப் பிள்ளையாவது வழுக்கினா கம்ப நீட்ட நான் நிக்கிறேன்."

குடையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் விலகி நின்றார். அவள் போகவில்லை. குடையை மடக்கிக்கொண்டு எதிர்க்கரைக்கு நடந்தாள். அந்தப் பக்கம் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும். தாழ்ந்த தெருக்களில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் அது ஏறிக்கொண்டிருந்தது.