தூக்குப்போணி மூடியில் ஒட்டிய சிரிப்பு

கமலாபாய் வீட்டுக்குப் போன தூக்குப்போணி திரும்பி வந்துவிட்டது. வந்தது வீட்டுக்குள் வரவில்லை. கேட்டுக் கம்பியில் தொங்கிக்கொண்டு காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

முற்றம் தூத்துக்கொண்டிருந்த சத்தியபாய் விளக்குமாற்றைச் சாத்திவிட்டுப் போய் எடுத்தாள். தொட்டதுமே தெரிந்துவிட்டது, கனம் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். திறந்து பார்த்தாள். கழுவித் துடைத்து, உள்ளே முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தது. ஒரு அச்சப்பம் இல்லை, ஒரு முறுக்கு இல்லை, ஒரு பிடி சீனிகூட இல்லை.

அருமனைப் பக்கம் இது சின்னக் காரியம் இல்லை. ஒரு வீட்டுப் பாத்திரம் இன்னொரு வீட்டுக்குப் போனால் வெறுமையாகத் திரும்பக் கூடாது. பலகாரம் இல்லையா, மரத்தில் கிடக்கிற நாரங்காயாவது ஒன்று போட்டு அனுப்புவார்கள். வெறும் பாத்திரத்தை அனுப்பினால், உன் வீட்டோடு எனக்கு இனிப் போக்குவரத்து வேண்டாம் என்று வாய் திறக்காமல் சொன்ன மாதிரி. அதிலும் கையில் கொடுக்காமல் கேட்டில் தொங்க விட்டுவிட்டுப் போனால், அது முகத்தில் அடித்த மாதிரி.

சத்தியபாயும் கமலாபாயும் ஒரே வருஷத்தில் இந்தத் தெருவுக்குக் கல்யாணம் கழிந்து வந்தவர்கள். அந்தக் கிறிஸ்மஸ் தொடங்கி இந்தப் போணி இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கிறது. இங்கிருந்து பெப்பர்மின்ட் ஃபட்ஜ் என்கிற பால்மிட்டாய் போகும், அங்கிருந்து அச்சப்பம் வரும்.

"இவளுக்கு இப்ப என்ன வந்துது?" என்று முணுமுணுத்துக்கொண்டே மூடியை மூடப் போனாள். அப்போதுதான் மூடியின் மேல்பக்கம் கண்ணில் பட்டது.

மூடியிலிருந்து அவள் புருஷன் சிரித்தார்.

வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, எல்லாப் பல்லும் தெரிகிற சிரிப்பு. தலைக்கு மேலே ஒரு நட்சத்திரம். 'கிறிஸ்மஸ் நல்வாழ்த்துகள்! சபைக் கமிட்டித் தேர்தலில் உங்கள் பொன்னான வாக்கினை வரிசை எண் நான்கு, தேவகுமாருக்கே அளிப்பீர்! இனிப்புடன், உங்கள் ஊழியன்.'

வரிசை எண் ஐந்து யார் என்று சத்தியபாய்க்கு யாரும் சொல்ல வேண்டாம். கமலாபாயின் புருஷன் ராஜமணி.

கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சிரிப்பு அசையவில்லை.

"எக்கா! சத்தியபாயக்கா!" மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அன்னக்கிளியின் தலை எழும்பியது. சிவன் கோயில் திருவிழாவுக்கு ஓடி ஓடி வேலை செய்கிறவள், அடுத்த வீட்டுக்காரி, வாய்க்கு வேலி இல்லாதவள். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதிலும் அதே சிரிப்பு. "எக்கா, எனக்கும் ஒங்க சர்ச்சில ஓட்டு தந்தாச்சா? நான் எப்ப வேதத்துல சேந்தேன்? வீட்டுல அவுங்க கேக்காவ, ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடாம ஓட்டுக்கு மட்டும் கூப்பிடுதாவளேன்னு!"

"ஒனக்கும் ஒட்டித் தந்தாராட்டி?"

"எனக்கா? பால்காரன் வீட்டுல, தையக்காரி வீட்டுல, எல்லாருக்கும்! அண்ணாச்சி ஸ்கூட்டர்ல வந்து, 'சிஸ்டர், நம்ம வீட்டுத் தயாரிப்பு'ன்னு நீட்டுனாரு. என்னைய இந்நா வரைக்கும் சிஸ்டர்னு அவரு கூப்பிட்டது உண்டா? ஏட்டி கிளின்னுதானே விளிப்பாரு!" சிரித்த அன்னக்கிளி, சத்தியபாயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைச் சுருட்டிக்கொண்டாள். "எக்கா, ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. கிண்டினவளுக்கு மட்டும் தெரியாது.

பெப்பர்மின்ட் ஃபட்ஜ் சும்மா வருகிற பண்டமா? மஸ்கட்டில் நர்ஸாக இருந்த அக்கா சொல்லிக் கொடுத்தது. பாலும் சீனியும் வெண்ணெயும் உருளியில் கொதித்து வரும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கையில் உருட்ட வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் பாயசம், பின்னால் இறக்கினால் கல். இறக்கின சூட்டிலேயே பெப்பர்மின்ட் எண்ணெயை விட்டால் மணமெல்லாம் மோட்டுக்குப் போய்விடும். ஆற விட்டு, எண்ணிச் சொட்டு விட்டு, பிறகு சட்டுகத்தால் அடிக்க வேண்டும். பளபளப்பு மங்குகிற வரைக்கும் அடி. தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருக்கும். அப்போதும் நிறுத்தக் கூடாது. தட்டில் பரத்தி, மேலே சூடமிட்டாயை இடித்துத் தூவி, இறுகும் முன்னே கத்தி போட வேண்டும்.

கேக் எல்லார் வீட்டிலும் உண்டு. இது சத்தியபாய் வீட்டில் மட்டும்தான். சூடமிட்டாயும் பால்கோவாவும் கல்யாணம் பண்ணின மாதிரி இருக்கு என்று அன்னக்கிளி சொல்லுவாள். டிசம்பர் பிறந்தால், "எப்பம் கிண்டுவீங்க?" என்று தெருவே கேட்கும்.

இந்த வருஷம் தேவகுமார் தானாக வந்து அடுக்களையில் நின்றார். சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத மனுஷர்.

"பாத்திரத்துல குடுத்துட்டுத் திருப்பி வாங்க அலையண்டாம். அட்டைப்பெட்டி வாங்கிட்டு வாறேன். நீ நெறச்சு வையி. நான் கொண்டு குடுக்கேன்."

"கமலாவுக்கு மட்டும் எப்பவும்போல போணிதான். அதயும் நீங்களா?"

"ஒனக்குத் தோள் வலி இல்லியா? நான் சும்மாதானே இருக்கேன்."

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் உருகிப் போனாள். 'கர்த்தாவே, இந்த மனுஷனுக்கு இப்பமாவது கண்ணத் தொறந்தீரே' என்று ஜெபமும் பண்ணினாள். அதை நினைத்தபோதுதான் கோபம் உச்சிக்கு ஏறியது. பண்ணின ஜெபத்தைத் திருப்பி வாங்க முடியுமானால் அப்போதே வாங்கியிருப்பாள்.

போணியோடு உள்ளே போனாள். தேவகுமார் முன்னறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "மேலத்தெரு ஓட்டு நமக்குத்தான், பிரதர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போணியை அவர் முன்னால் மேசையில் ஒரு அடி அடித்து வைத்தாள்.

"இதுல இருக்கியது யாரு?"

தேவகுமார் போனை வைத்தார். மூடியைப் பார்த்தார். "போட்டோ நல்லா வந்திருக்கு இல்லியா? மார்த்தாண்டத்துல அடிச்சது."

"எனக்க போணியில ஒட்டச் சொன்னது யாரு?"

"ஏட்டி, மெதுவா. ஊரெல்லாம் செய்யியதுதானே? ராஜமணி போன ஞாயிறு எல்லா வீட்டுக்கும் கேக்கு குடுத்தான். பெட்டியில அவனுக்க போட்டோ இல்லியா?"

"அது பேக்கரிக் கேக்கு! அவன் வாங்கினான், அவன் படத்த ஒட்டினான். இது யாரு கிண்டினது? நீங்க அடுப்புப் பக்கம் வந்தியளா? சட்டுகத்தத் தொட்டியளா? 'நம்ம வீட்டுத் தயாரிப்பு'ன்னு அன்னக்கிளிகிட்டச் சொல்லியிருக்கிய. தயாரிச்சவ பேரு ஒரு மூலையில உண்டா?"

"நீ வேற நான் வேறயா சத்தியம்?"

"நேத்து வரைக்கும் இல்ல. இன்னைக்கு வேற!"

தேவகுமார் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் யோசி. நான் ஜெயிச்சா ஒனக்கும்தானே கௌரவம்? கமிட்டி மெம்பருக்க வீட்டுக்காரின்னு முன்பெஞ்சில..."

"எனக்கு இருக்க பெஞ்சு இருக்கு. எல்லாத்தையும் விடுங்க. கமலாபாய் வீட்டுக்குப் போற போணியில ஏன் ஒட்டினிய? அவளுக்க மாப்பிள்ள ஒங்களுக்கு எதிரா நிக்கான். அவ வீட்டுல போயி, 'எனக்கு ஓட்டு போடு'ன்னு நீட்டினா அதுக்குப் பேரு என்ன?"

"அது... எல்லாத்துலயும் ஒட்டும்போது அதுலயும் ஒட்டிட்டேன். ராஜமணி மூஞ்சி எப்படிப் போகுதுன்னு ஒரு தமாசு..."

"தமாசு!" என்றாள் சத்தியபாய். வெறும் போணியை எடுத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"எங்க போற?"

"ஓட்டு கேக்க!"

தெருவில் நடக்கும்போது இரண்டு வீட்டுத் திட்டில் அந்த அட்டைப்பெட்டி கிடந்தது. ஒன்றின் மேல் காக்கை உட்கார்ந்திருந்தது. எதிரே வந்த கேரல் பையன்களில் ஒருத்தன், "ஆன்ட்டி, மிட்டாய் சூப்பர், அங்கிளுக்குத்தான் எங்க வீட்டு ஓட்டு" என்றான். சத்தியபாய் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த வீட்டு கேட் வரைக்கும் அவன் பாடவில்லை.

கமலாபாய் வீட்டு முன்கதவு திறந்துதான் கிடந்தது. பின்பக்கத்தில் எண்ணெய் காயும் மணம். சத்தியபாய் வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே அடுக்களைத் தாழ்வாரத்துக்குப் போனாள். கமலாபாய் அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விட்டுக்கொண்டிருந்தாள். ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு எண்ணெயைப் பார்த்தாள்.

"அவரு வெளிய போயிருக்காரு. வாக்கு கேக்க வந்திருந்தா அவரு வந்த பொறவு வா."

"ஒன்கிட்டதான் வந்தேன்."

"எனக்க ஓட்டு எனக்க மாப்பிள்ளைக்கு. மிட்டாயத் தின்னுட்டு மாத்திப் போடுற ஆளு நான் இல்ல."

"கமலா!"

"என்ன கமலா? எத்தனை வருஷமா நீ தாறன்னு நேத்துதான் நெனச்சுப் பாத்தேன். எப்பமாவது தேர்தல்ல நிக்க வேண்டி வருமே, இப்பமே இனிப்பு காட்டி வைப்போம்னுதான் தந்தியா எல்லாத்தையும்? எனக்கு மஞ்சக்காமாலை கண்டப்ப நீ கஞ்சி கொண்டு வந்தியே, அதுலயும் எங்கயாவது போட்டோ ஒட்டியிருந்துதா, நான் பாக்கலியா?"

சத்தியபாய் சண்டை போட வரவில்லை. சமாதானம் சொல்லத்தான் வழியெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டு வந்தாள். கஞ்சியைச் சொன்னதும் கூட்டின வார்த்தையெல்லாம் சிதறிப்போயிற்று.

"வாயக் கழுவுட்டி! அந்தாளு செஞ்சது கேடுதான். நான் இல்லேன்னு சொல்லல. எனக்குத் தெரியாம செஞ்சது. கேட்டுல இந்தப் போணியப் பாத்துதான் எனக்கே தெரியும். அவருக்கு நான் வச்சிருக்கேன். ஆனா நீ? மூடியில ஒரு படத்தப் பாத்த ஒடனே அதுதான் சத்தியபாய்னு முடிவு கட்டினியே. உள்ள இருந்தத எடுத்து வாயில போட்டுப் பாத்தியா? அத எனக்க கை செஞ்சதா, ஓட்டு செஞ்சதான்னு ஒனக்குத் தெரியாதா? இத்தன காலம் ஒனக்கு என்ன ருசி தெரிஞ்சுது? நடந்து வந்து, 'ஏட்டி, இது என்ன'ன்னு நாலு ஏசு ஏசினா நான் செத்தா போவேன்? திருடனப் போல கேட்டுல தொங்க விட்டுட்டுப் போற! வெறும் போணி! எனக்கு! நீ!"

எண்ணெயில் கிடந்த அச்சப்பம் கறுத்துக்கொண்டு வந்தது. கமலாபாய் அதை எடுக்கவில்லை.

"இந்தா, போணி." சத்தியபாய் அதைத் தாழ்வாரத் திட்டில் வைத்தாள். "வெறும் போணி என் வீட்டுக்குள்ள ஏறாது. நெறச்சுத் தா. இல்லேன்னா இனி வேண்டாம்னு எனக்க மூஞ்சியப் பாத்து வாயால சொல்லு. ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டுத்தான் போவேன்."

சொல்லிவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். கமலாபாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதை யோசிக்காமல் சொல்லிவிட்டாள். நாளை சர்ச்சுக்கு யாரோடு நடந்து போவது? யாரிடம் போய் இந்த மனுஷனைப் பற்றிக் குறை சொல்வது?

கமலாபாய் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். உள்ளே போனாள். ஃபிரிட்ஜ் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பீங்கான் தட்டு. தட்டில் ஃபட்ஜ். கழித்துப் போடவில்லை, கோழிக்கு இடவில்லை. அடுக்கி, மேலே வாழையிலைத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தாள். ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு குறைந்திருந்தது.

"தின்னு பாத்தேன்" என்றாள் கமலாபாய், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "பெப்பர்மின்ட் கூடிப்போச்சு."

"கூடிப்போச்சா?"

"ஆமா. போன வருஷம் இப்பிடி இல்ல. மூக்குல ஏறுது."

"ஏட்டி, எண்ணி விட்டேன்! ஒரு சொட்டு கூடல! மூக்குல ஏறுதாம்! நீ அடுப்படியில அழுதுக்கிட்டே தின்னிருப்ப, அதான் மூக்குல ஏறியிருக்கும்!"

"நான் எதுக்கு அழணும்? ஒனக்க மாப்பிள்ளைக்க பல்லப் பாத்தா?"

இருவரும் மூடியைப் பார்த்தார்கள். கமலாபாய்க்குத்தான் முதலில் வாய் கோணியது. சத்தியபாய் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது.

"எனக்க வீட்டுக்காரரு மட்டும் என்ன?" என்றாள் கமலாபாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கேக்குப் பெட்டியில போடத் தலைக்கு மை அடிச்சுட்டுப் போயி போட்டோ எடுத்தாரு. தலையணை உறை இன்னும் வெளுக்கல்ல."

தேங்காயெண்ணெய் தொட்டு மூடியிலிருந்த படத்தைச் சுரண்டினாள் கமலாபாய். நட்சத்திரம் போயிற்று. வரிசை எண் போயிற்று. கூப்பிய கையும் நெற்றியும் திரிதிரியாக வந்தன. பல் மட்டும் வரவே இல்லை.

"விடு" என்றாள் சத்தியபாய். "அதுக்கு ஆளு வச்சிருக்கேன்."

போணி நிறைய அச்சப்பம். மேலே மூடி உட்காராத அளவுக்கு. அதைத் தூக்கிக்கொண்டு, முன்வாசல் வழியாக, தெரு பார்க்கத் திரும்பி நடந்தாள்.

தேவகுமார் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். போணி நிறைந்திருப்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சமாதானம் ஆயாச்சா? நான்தான் சொன்னேனே. அப்ப அந்த வீட்டு ஓட்டு..." என்று சொல்லிக்கொண்டே அச்சப்பத்துக்குக் கை நீட்டினார்.

சத்தியபாய் போணியை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள்.

"கேட்டியளா. நாளைக்கு இன்னொரு தடவை பால் காச்சணும். நான் பதம் மட்டும் பாப்பேன். பளபளப்பு மங்குற வரைக்கும் அடிக்கியது நீங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் பாத்திரத்துல கொண்டு போயி, முந்தி தந்தது தேவகுமாருக்க ஓட்டுக்கு, இது சத்தியபாய்க்க கிறிஸ்மஸுக்குன்னு சொல்லிக் குடுக்கணும். அன்னக்கிளிகிட்ட மொதல்ல."

"ஏட்டி, அப்பிடிச் சொன்னா நான் தோத்துப் போவேனே!"

"சொல்லலேன்னாலும் தோப்பிய. ஒரு ஓட்டுல. அது யாரு ஓட்டுன்னு நான் சொல்ல மாட்டேன்."

மூடியை எடுத்து அவர் கையில் வைத்தாள். கூடவே கமலாபாய் கொடுத்துவிட்ட தேங்காயெண்ணெய்க் குப்பியும், தேய்க்க ஒரு பிடி தேங்காய்ச் சவுரி நாரும்.

"அதுக்கு முன்ன இத வெளக்குங்க. இந்தப் பல்லு போன பொறவு, ஒங்க பல்லுக்கு ஒரு அச்சப்பம் தாறேன்."